புராஜெக்ட் சென்டருக்குக் கிளம்பும் முன்
இறுதியாண்டு மெக்கானிக்கல், ஆட்டோமொபைல், சிவில் மாணவ மாணவியருக்கு ஒரு திறந்த மடல்



டைட்டில் கொடுக்கச் சொல்லித் துறையில் கெடு வைத்திருப்பார்கள். வாட்ஸ்அப் குழுவில் சீனியர் ஒருவர் பழைய ரிப்போர்ட்டுகளை மொத்தமாகப் போட்டிருப்பார். ஸ்பீட் பிரேக்கரிலிருந்து மின்சாரம் எடுப்பது, சைக்கிள் மிதித்துத் தண்ணீர் இறைப்பது, ஆன்சிஸில் ஒரு பிராக்கெட்டை வரைந்து முதல் ஆறு மோடுகளுக்கு வண்ணப்படம் எடுப்பது என்று அந்தப் பட்டியல் வருஷா வருஷம் மாறாமல் வரும். அதுவும் சரிப்படாவிட்டால் இருக்கவே இருக்கிறது புராஜெக்ட் சென்டர். மாடல், ரிப்போர்ட், பிபிடி, வைவாவுக்கான கேள்வி பதில் எல்லாம் சேர்த்து ஒரே விலை. வாங்குகிறவர்களைத் திட்டுவதற்காக இந்த மடல் எழுதப்படவில்லை. அரியர், பிளேஸ்மென்ட், வீட்டுக் கடன் என்று அவரவர் நெருக்கடி அவரவருக்கு. காசு கொடுத்து வாங்கத் தேவையே இல்லாத ஒரு துறை இருக்கிறது. அதைக் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான்.

வண்டியிலும் கட்டடத்திலும் அதிர்வைக் குறைக்கும் ஆராய்ச்சி அது.

ஒரு பொருளின் எடையையும் விறைப்பையும் வரைபடத்திலிருந்தே கணக்கிட்டுவிடலாம். ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதை, அதாவது டேம்பிங்கை, அப்படிக் கணக்கிட முடியாது. மென்பொருளில் டேம்பிங் ரேஷியோ என்ற கட்டத்தில் 0.02 என்று தட்டுகிறீர்களே, அந்த 0.02 யாரோ எங்கோ ஒரு நிஜக் கட்டடத்தை ஆட்டிப் பார்த்து அளந்து வைத்த எண். போல்ட் எவ்வளவு இறுகியிருக்கிறது, சுவர் எப்படி உரசுகிறது, சீட்டில் உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு கனம் என்பதையெல்லாம் பொறுத்து அது மாறும். அதனால்தான் இந்தத் துறையில் ஒரு மாணவர் ஒழுங்காக எடுத்த அளவுக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது.

மெக்கானிக்கல்காரர்களுக்கான கதையை முதலில் சொல்லிவிடலாம். முதலாண்டில் பேசிக் எலெக்ட்ரிக்கல் தாளைப் பாஸ் பண்ணினால் போதும் என்று தள்ளிவிட்டு வந்தவர்கள் கொஞ்சம் கூர்ந்து படிக்கவும்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் துறையில் கட்டுப்பாட்டுப் பொறியியல் பேராசிரியராக இருந்தவர் மால்கம் ஸ்மித். வண்டியின் சஸ்பென்ஷனை மின்சுற்றாக எழுதிப் பார்ப்பது இந்தத் துறையில் பழைய வழக்கம். விசை இருக்கும் இடத்தில் மின்னோட்டம், வேகம் இருக்கும் இடத்தில் மின்னழுத்தம் என்று வைத்துக்கொண்டால் ஸ்பிரிங் ஓர் இண்டக்டர், டேம்பர் ஒரு ரெசிஸ்டர், நிறை ஒரு கெப்பாசிட்டர். எல்லாம் பொருந்துகிற மாதிரிதான் தெரியும். ஆனால் ஓரிடத்தில் இடிக்கும். கெப்பாசிட்டருக்கு இரண்டு முனை. சுற்றில் எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம். நிறைக்கோ ஒரு முனைதான் கைக்குக் கிடைக்கிறது. முடுக்கத்தைத் தரையை வைத்தே அளக்கிறோம் என்பதால் அதன் மறுமுனை எப்போதும் தரையில் கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே மின்சாரத்தில் கட்ட முடிந்த எத்தனையோ சுற்றுகளை இயந்திரத்தில் கட்ட வழியில்லாமல் இருந்தது.

1949இல் ராவுல் போட், ரிச்சர்ட் டஃபின் என்ற இரு கணித அறிஞர்கள், வெளியிலிருந்து ஆற்றல் தேவைப்படாத எந்த இருமுனைச் சுற்றின் மின்மறுப்பையும் ரெசிஸ்டர், இண்டக்டர், கெப்பாசிட்டர் மூன்றை மட்டுமே வைத்துக் கட்டிவிடலாம் என்று நிரூபித்திருந்தார்கள். அந்த வசதி சஸ்பென்ஷன் வடிவமைப்பவருக்குக் கிடைக்காததற்குக் காரணம் இந்த ஒற்றை முனைதான்.

இரண்டு முனையும் கைக்குக் கிடைக்கிற மாதிரி ஒரு கருவி செய்ய முடியாதா என்று ஸ்மித் கேட்டார். ஸ்பிரிங்கின் விசை அதன் இரு முனைகளுக்கு இடையிலான இடப்பெயர்ச்சியைப் பொறுத்தது. டேம்பரின் விசை இடையிலான வேகத்தைப் பொறுத்தது. இடையிலான முடுக்கத்தைப் பொறுத்து விசை தரும் பொருளுக்குப் பெயர்கூட இல்லை. 2002இல் வந்த அவருடைய கட்டுரை அதற்கு ‘இனெர்ட்டர்’ என்று பெயர் வைத்து, செய்யும் வழியையும் காட்டியது.

வழி அப்படியொன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஒரு பற்சட்டம், அதில் ஓடும் பினியன், சில பற்சக்கரங்கள், கடைசியில் ஒரு சின்ன ஃப்ளைவீல். இரு முனைகளையும் அமுக்கினால் ஃப்ளைவீல் சுழலும். சுழலத் தொடங்கவும் நிற்கவும் அது காட்டும் எதிர்ப்புதான் விசை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃப்ளைவீலின் எடை 1 கிலோ, சுழற்சி ஆரம் 5 செ.மீ., பினியனின் ஆரம் 1 செ.மீ. என்றால் விகிதம் 5. அதன் வர்க்கம் 25. நடுவில் சுழற்சியை மூன்று மடங்காக்கும் ஒரு ஜோடி பற்சக்கரம் இருந்தால் இன்னொரு 9 மடங்கு. 1 கிலோ இரும்பு 225 கிலோவின் வேலையைச் செய்கிறது. எடை கூடாமல் நிலைமம் மட்டும் கூடுகிறது. பந்தயக் கார்க்காரர்களுக்கு இதைவிட இனிப்பான செய்தி உண்டா?

ஃபார்முலா ஒன் பந்தயத்தின் மெக்லாரன் அணி பிடித்துக்கொண்டது. 2005 மே மாதம் பார்சிலோனாவில் நடந்த ஸ்பானிய கிராண்ட் பிரிக்ஸில் கிமி ரைக்கோனனின் காரில் அது முதல்முறையாகப் பந்தயத்தில் ஓடியது, அவரே ஜெயித்தார். ஜெயித்ததற்கு இனெர்ட்டர்தான் காரணம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஃபார்முலா ஒன் காரின் சஸ்பென்ஷன் கல் மாதிரி விறைப்பானது. டயர்தான் பாதி ஸ்பிரிங். டயர் துள்ளத் துள்ள அது தரையை அழுத்தும் விசை ஏறி இறங்கும், பிடிமானம் போகும். அந்தத் துள்ளலை இனெர்ட்டர் மட்டுப்படுத்தியது. இவ்வளவையும் அணி வெளியே சொல்லவில்லை. ‘ஜே டேம்பர்’ என்று பொருளே இல்லாத ஒரு பெயரைச் சூட்டி வைத்தார்கள். ஜே என்றால் என்ன என்று எதிரணிகள் மண்டையை உடைத்துக்கொண்டன.

அந்த ஏமாற்று எவ்வளவு நன்றாக வேலை செய்தது என்பது 2007 டிசம்பரில் தெரிந்தது. மெக்லாரனின் தகவல்கள் ரெனால்ட் அணியிடம் போய்ச்சேர்ந்தது பற்றி சர்வதேச மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு விசாரித்தது. ஜே டேம்பரின் வரைபடத்தையே ரெனால்ட் பொறியாளர்கள் பார்த்திருந்தார்கள். பார்த்தும் புரிந்துகொள்ளவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு தடைசெய்யப்பட்ட தங்களுடைய மாஸ் டேம்பர் போன்ற ஏதோ ஒன்று என்று எண்ணி, இது விதிக்கு உட்பட்டதா என்று கூட்டமைப்பிடமே கேட்டிருந்தார்கள். வரைபடம் கையில் இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த கேள்வி அவர்களுக்குத் தெரியாது. வாங்கின ரிப்போர்ட்டோடு வைவாவில் உட்காரப்போகிறவர்கள் இந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கலாம்.

2008இல் விஷயம் வெளியே வந்தது, பென்ஸ்கி நிறுவனம் உரிமம் பெற்றது, மற்ற அணிகளும் மாட்டிக்கொண்டன. 2022இன் புதிய விதிகளில் ஃபார்முலா ஒன் இனெர்ட்டரைத் தடை செய்துவிட்டது. ஆராய்ச்சி அதோடு நின்றுவிடவில்லை. மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பார் தள்ளாட்டம், ரயிலின் சஸ்பென்ஷன் என்று அது பரவியது. ஜப்பானில் தொஹோகு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திருகுக் கம்பியால் நிறையைச் சுழற்றும் இதே தத்துவக் கருவியை நிலநடுக்கத்துக்கு எதிராகக் கட்டடங்களுக்குள் வைத்தார்கள். நம் ஊர்ச் சாதாரணக் காருக்கு இதனால் பெரிய லாபம் கிடைக்குமா என்றால், சந்தேகம்தான். மெத்தென்ற சஸ்பென்ஷனில் இது காட்டும் வித்தியாசம் குறைவு. ஆனால் எடை ஏற்றாத வெறும் டிரெய்லருக்கு? மினி லாரிக்கு? லோடு இல்லாத நேரத்தில் அவற்றின் லீஃப் ஸ்பிரிங் தேவைக்கு மேல் விறைப்பாகிவிடுகிறது என்பது அதில் பின்னால் உட்கார்ந்து போன எவருக்கும் தெரியும். லேத்தும் பழைய பற்சக்கரமும் கிடைக்கிற கல்லூரிப் பட்டறையிலேயே ஓர் இனெர்ட்டர் செய்து பார்க்கலாம். பற்களுக்கிடையிலான இடைவெளி கழுத்தை அறுக்கும். அதைப் பற்றி மட்டுமே ஓர் அத்தியாயம் எழுதலாம்.

சிவில்காரர்கள் இவ்வளவு நேரம் பொறுத்ததற்கு நன்றி. லண்டன் மில்லேனியம் பாலம் உங்கள் பாடத்தில் வந்திருக்கும். தேம்ஸ் நதிக்கு மேல் நடப்பவர்களுக்கு மட்டுமான மெல்லிய தொங்குபாலம்; அரூப் நிறுவனத்தின் பொறியியல், நார்மன் ஃபாஸ்டரின் அலுவலகம் செய்த கட்டடக்கலை. 2000 ஜூன் 10, சனிக்கிழமை திறந்தார்கள். கூட்டம் ஏறியதும் பாலம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. நடுவில் சுமார் 7 செ.மீ. வரை. மக்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கப்பலின் மேல்தளத்தில் நடப்பவர்களைப்போல் காலை அகட்டி வைத்து நடந்தார்கள். ஜூன் 12ஆம் தேதி மூடிவிட்டார்கள்.

சராசரி மனிதர் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி வைக்கிறார். இடதுகால் ஒரு பக்கம் தள்ளும், வலதுகால் மறுபக்கம் தள்ளும். ஆகப் பக்கவாட்டுத் தள்ளலின் முழுச் சுற்று நொடிக்கு ஒன்று. அந்தத் தள்ளல் அற்பம் என்று அன்றைய வடிவமைப்பு விதிகள் செங்குத்து அதிர்வைத்தான் பெரிதாக எடுத்துக்கொண்டிருந்தன. பாலத்தின் பக்கவாட்டு அதிர்வெண்களோ 1 ஹெர்ட்ஸுக்கும் அதற்குக் கீழேயும் இருந்தன. இம்பீரியல் கல்லூரியிலும் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்திலும் ஆடும் மேடைமீது ஆட்களை நடக்கவிட்டு, கால் எவ்வளவு தள்ளுகிறது என்று அளந்தார்கள். பிறகு பாலத்துக்கே போய் வடக்குப் பகுதியில் ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். 156 பேர் வரை பாலம் ஏறக்குறையச் சும்மா இருந்தது. 166 ஆனதும் ஆட்டம் மளமளவென்று ஏறியது. கூட்டத்துக்கு ஏற்பச் சீராக வளரும் ஆட்டம் இல்லை அது. ஓர் எல்லை தாண்டினால் பாலத்தின் டேம்பிங்கை நடப்பவர்களே தின்று தீர்த்துவிடுகிறார்கள். 37 பாகுநிலை டேம்பர்களும் ஐம்பதுக்கு மேற்பட்ட மாஸ் டேம்பர்களும் பொருத்தி, சுமார் 50 லட்சம் பவுண்டு செலவழித்து, 2002 பிப்ரவரி 22 அன்று மறுபடி திறந்தார்கள்.

இதில் மனசை உறுத்துகிற விஷயம் வேறு. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் யோசோ ஃபுஜினோ 1993இலேயே இதை எழுதியிருந்தார். டோடா என்ற ஊரில் படகுப் போட்டி அரங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு நடைபாலம். போட்டி முடிந்ததும் கூட்டம் மொத்தமாக அதில் ஏறும், பாலம் 0.9 ஹெர்ட்ஸில் பக்கவாட்டில் ஆடும். அவருடைய குழு கூட்டத்தை வீடியோ எடுத்து, தலைகள் அசைவதை ஒவ்வொன்றாகப் பார்த்து, சுமார் ஐந்தில் ஒருவர் பாலத்தின் ஆட்டத்துக்கு ஏற்ப நடையை மாற்றிக்கொள்கிறார் என்று மதிப்பிட்டது. கட்டுரை வெளியானது நிலநடுக்கப் பொறியியல் இதழில். பாலம் கட்டுகிறவர்கள் அந்த அலமாரிப் பக்கம் போகவில்லை. லிட்டரேச்சர் சர்வே என்ற அத்தியாயத்தைக் காப்பியடித்து நிரப்பும்போது இந்த ஏழு வருஷம் ஞாபகத்துக்கு வரட்டும்.

டோடாவில் ஆட்டத்தைக் குறைத்த விதம் இன்னும் ருசியானது. பாலத்தின் பெட்டி உத்தரத்துக்குள் நூற்றுக்கணக்கான சிறு பிளாஸ்டிக் தொட்டிகளை வைத்து அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டார்கள். பாலம் ஆடும்போது தண்ணீர் எதிர்ப்பக்கம் மோதி, அலையாக உடைந்து ஆற்றலைத் தின்னும். தொட்டியின் நீளமும் தண்ணீரின் ஆழமும் சேர்ந்துதான் அது சாயும் வேகத்தை முடிவு செய்கின்றன. கணக்குப்படி 36 செ.மீ. நீளத் தொட்டியில் நாலரை செ.மீ. தண்ணீர் இருந்தால் நொடிக்கு 0.9 தடவை சாயும். பாத்திரக் கடையில் வாங்கும் டப்பாவும், நான்கு ஸ்டீல் பட்டைகளில் நிற்கும் ஒரு மரப்பலகையும் இருந்தால் லேபிலேயே செய்துவிடலாம். தண்ணீரை அரை அரை செ.மீ. ஆகக் கூட்டி, ஒவ்வொரு தடவையும் பலகை எத்தனை ஆட்டத்தில் அடங்குகிறது என்று எண்ணுங்கள். எந்த ஆழத்தில் சீக்கிரம் அடங்குகிறது என்பது அட்டவணையைப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

மில்லேனியம் பாலத்தின் விவாதம் இன்னும் ஓயவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2005இல் ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரை, நடப்பவர்கள் ஒரே தாளத்துக்கு வந்ததுதான் காரணம் என்று அழகான சமன்பாட்டோடு சொன்னது. 2021இல் இன்னொரு கட்டுரை, எல்லோரும் ஒரே தாளத்தில் நடக்கவே வேண்டாம், விழாமல் இருக்க ஒவ்வொருவரும் காலை மாற்றி வைப்பதே ஆட்டத்தை வளர்க்கப் போதும் என்றது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆலன் மெக்ரோபியின் பெயர் இரண்டு கட்டுரையிலும் இருக்கிறது. பதினாறு ஆண்டு கழித்துத் தன் விளக்கத்தையே திருத்தி எழுத முன்வருகிற ஒருவரை உங்கள் கல்லூரியில் தேடிப் பிடித்து கைடாக வைத்துக்கொள்ளுங்கள். டகோமா பாலத்துக்கும் இதே பாடுதான். 1940இல் அது காற்றில் முறுக்கி உடைந்ததற்கு ஒத்ததிர்வே காரணம் என்று பாடப்புத்தகங்கள் எழுதிக்கொண்டே இருக்க, பில்லா, ஸ்கான்லன் இருவரும் 1991இலேயே அதை மறுத்துவிட்டார்கள். பாலத்தின் அசைவே காற்றிலிருந்து ஆற்றலை இழுத்துக்கொள்ளும் ஃப்ளட்டர் அது. வைவாவில் கேட்டால் தைரியமாகச் சொல்லுங்கள். எக்ஸ்டர்னல் முறைத்தால் கட்டுரையைக் காட்டுங்கள்.

மாணவர் ஒருவரின் இறுதியாண்டு ஆய்வே ஒரு வானளாவிக் கட்டடத்தைத் தொட்ட கதையும் உண்டு. நியூயார்க்கின் சிட்டிகார்ப் மையம் 1977இல் திறந்தது, 59 மாடி. ஒரு மூலையில் தேவாலயம் இருந்ததால் தூண்களை மூலைகளில் நிறுத்தாமல் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் நிறுத்தினார்கள். உச்சியில் காற்றாட்டத்தை அடக்க 400 டன் எடையில் ஒரு மாஸ் டேம்பர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவி டயேன் ஹார்ட்லி 1978இல் தன் ஆய்வேட்டுக்காகக் கணக்கிட்டபோது, காற்று மூலைவாட்டில் அடித்தால் தாங்கிகளில் விசை அதிகமாவதைக் கண்டு வடிவமைப்பாளர்களின் அலுவலகத்தில் விசாரித்தார். கட்டடம் உறுதியாகத்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. அதே ஆண்டு தலைமைப் பொறியாளர் வில்லியம் லெமெசூரியர் மறுபடி கணக்குப் போட்டார். வெல்டிங் செய்ய வேண்டிய இணைப்புகளை போல்ட் போட்டு முடித்திருந்ததும் சேர்ந்துகொண்டது. டேம்பர் வேலை செய்தால் 55 ஆண்டுக்கு ஒருமுறை வரும் புயலில் ஆபத்து. புயலில் கரண்ட் போய் டேம்பர் நின்றுவிட்டால் 16 ஆண்டுக்கு ஒருமுறை வரும் புயலே போதும். இரவு நேரங்களில் பொதுமக்களுக்குத் தெரியாமல் இணைப்புகளுக்குமேல் எஃகுத் தகடுகளை வெல்டிங் செய்தார்கள். 1995இல் ஒரு பத்திரிகை எழுதும்வரை ஊருக்கே தெரியாது. மின்சாரத்தை நம்பி நிற்கும் டேம்பர் எந்த நேரத்தில் தேவைப்படுமோ அந்த நேரத்தில்தான் மின்சாரம் இருக்காது என்பது, புயல் வந்தால் நாள்கணக்கில் இருட்டில் கிடக்கும் கடலோர மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லாத விஷயம்.

லண்டன், நியூயார்க் வரை போகாமல் தலையைத் தூக்கியே பார்க்கலாம். ஆரல்வாய்மொழிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஹைடென்ஷன் கோபுரத்தின் அருகே கம்பியைக் கவனியுங்கள். இன்சுலேட்டருக்கு இரு பக்கமும் கொஞ்சம் தள்ளி, சின்ன டம்ப்பெல் ஒன்று கம்பிக்கு அடியில் தொங்கும். ஸ்டாக்பிரிட்ஜ் டேம்பர் என்று பெயர். 1920களில் கலிஃபோர்னியாவின் மின்நிறுவனப் பொறியாளர் ஒருவர் கண்டுபிடித்தது. கம்பியை அறுப்பது பெரும்பாலும் புயல்காற்று இல்லை. மெல்லிய சீரான காற்று கம்பியை விடாமல் நடுங்க வைத்து, பிடிமானம் உள்ள இடத்தில் இழை இழையாக வெட்டும். டம்ப்பெல்லின் இரு எடைகளையும் இணைக்கிற முறுக்குக் கம்பியின் இழைகள் ஒன்றோடொன்று உரசி அந்த ஆற்றலைச் சூடாக்கி விரட்டிவிடுகின்றன.

இனி உங்கள் கையில் இருக்கும் கருவி. ஆன்ட்ராய்டோ ஐஃபோனோ, உள்ளே முடுக்கமானி இருக்கிறது. ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழக இயற்பியல்காரர்கள் 2016இல் வெளியிட்ட ‘ஃபைஃபாக்ஸ்’ செயலி இலவசம். மூன்று திசை முடுக்கத்தையும் பதிந்து எக்செல் கோப்பாகக் கொடுத்துவிடும். உட்கார்ந்திருக்கும் மனித உடலுக்குச் செங்குத்து அதிர்வில் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரை இருப்பதுதான் மிக மோசம். அதையொட்டித்தான் ஐஎஸ்ஓ 2631 தரநிலை அதிர்வெண்களுக்கு எடை போடுகிறது. ஐரோப்பாவில் ஒரு தொழிலாளியின் எட்டு மணி நேர வேலையில் உடல்முழு அதிர்வு 0.5 மீ/நொ² தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15ஐத் தாண்டவே கூடாது. நம் டவுன் பஸ் டிரைவரின் சீட் எங்கே நிற்கிறது? டிராக்டர் எங்கே நிற்கிறது? டிராக்டரின் பின்சக்கரத்துக்கு சஸ்பென்ஷன் கிடையாது. டயரும் சீட் ஸ்பிரிங்கும்தான். பவர் டில்லர் கைப்பிடியின் அதிர்வைக் காரக்பூர் ஐஐடியில் வயலிலேயே அளந்து எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு உங்கள் ஊர்ச் சேற்றுக்கும் உங்கள் ஊர் மெஷினுக்கும் அளந்து பாருங்கள். கைப்பிடிக்கும் சட்டத்துக்கும் நடுவே ரப்பர் புஷ் வைத்தால் எவ்வளவு குறைகிறது, எந்த ஆர்பிஎம்மில் கூடுகிறது என்று பாருங்கள். கூடவும் செய்யும். ரப்பர் வைத்தாலே குறைந்துவிடும் என்பது சில புராஜெக்ட்டுகளில் கண்ணை மூடிக்கொண்டு எழுதப்படும் பொய்.

அளக்கும்போது சில விஷயம். கைபேசியைக் கையில் பிடித்தால் உங்கள் கையின் டேம்பிங்தான் பதிவாகும். தொடையில் வைத்தாலும் அப்படியே. சீட் சட்டத்திலோ தரையிலோ இருபக்க ஒட்டுநாடாவால் அழுத்தி ஒட்டுங்கள், கவரைக் கழற்றிவிட்டு. எந்தப் போனில் நொடிக்கு எத்தனை அளவு பதிகிறது என்பதை முதலில் பாருங்கள். நொடிக்கு 100 என்றால் 50 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதை நம்பாதீர்கள். ஒரே தடம், ஒரே பஸ், ஒரே டிரைவர், கடைசி சீட்டும் நடு சீட்டும் ஒரே நேரத்தில் இரண்டு போனில். கூட்டமான டிரிப் ஒன்று, காலியான டிரிப் ஒன்று. டிரைவர், கண்டக்டர் இருவரிடமும் சொல்லி அனுமதி வாங்கிவிட்டு ஒட்டுங்கள். ஒயரும் டேப்பும் வைத்துக்கொண்டு பஸ்ஸில் குனிந்து கிடப்பவரைப் பார்த்தால் பயணிகள் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

முடிவு எதிர்பார்த்தபடி வராவிட்டால் வந்தபடியே எழுதுங்கள். பதிந்த கோப்புகளைப் பிற்சேர்க்கையில் முழுசாகச் சேர்த்து, ஒரு பிரதியை டிப்போ மேனேஜருக்கும் கொடுங்கள். அவர் படிப்பாரா என்பது வேறு விஷயம். அடுத்த ஆண்டு டைட்டில் தேடி அலையப்போகும் ஜூனியர்களின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் மறக்காமல் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
கடைசி சீட்டுப் பயணி ஒருவர்